கிரீடம் இல்லாத படம்

திருமயம் வரைக்கும் அதை நினைப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டுதான் வசுமதி பஸ் ஏறினாள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி முழுசாக வெளியே வருவதற்குள் நினைத்துவிட்டாள். நினைக்கக் கூடாது என்று நினைப்பதே நினைப்புதானே, இதுகூடத் தெரியாமல் முப்பத்தேழு வயதை ஓட்டியாயிற்று. "எங்கம்மா?" என்றார் கண்டக்டர். "திருப்பத்தூர் ஒண்ணு," என்றாள், சொன்ன மறுகணமே திருமயம் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. திருமயத்தில் இறங்கி, கோட்டையைப் பார்க்க வந்தவள் மாதிரி பத்து நிமிஷம் அண்ணாந்து நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து, வேலை பார்க்கும் பிளக்ஸ் கடைக்குத் திரும்பிவிடலாம். லீவு கேட்ட பல்வலி நின்றுவிட்டது அண்ணாச்சி என்று முதலாளியிடம் சொல்லிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடலாம். காதணி விழா பிளக்ஸ் ஒன்று பாக்கி இருக்கிறது, தாய்மாமன்கள் பதினாறு பேர் முகத்தையும் ஒரே அளவில் வெட்டி வைக்க வேண்டும், ஒரு மாமன் முகம் நூலளவு சிறுத்தாலும் விழா வீட்டில் வெட்டுக்குத்து நடக்கும். அந்த வேலைக்கு அவளை விட்டால் கடையில் ஆள் இல்லை. அந்த அம்மாள் செத்திருப்பாளா. இல்லை, செத்திருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும். எப்படித் தெரியும், போனைத்தான் அணைத்துக் கைப்பையின் அடியில், குடைக்குக் கீழே போட்டிருக்கிறாளே. காலை ஆறு மணிக்கு வாட்ஸப் ரசிகர் குழுவில் வந்த அந்த ஒரு வரிதான் கடைசியாகப் பார்த்தது: ரோஹன் அம்மா திருப்பத்தூர்ல போஸ்டரப் பாத்து மயங்கி விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரில சேத்துருக்காங்க, சீரியஸ்னு பேசிக்கிறாங்க. அதற்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்றாகச் செய்திகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. அவள் அணைத்துவிட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான், தெரியும், ஆனாலும் பூனைக்கும் பயம் இருக்கும் இல்லையா. போஸ்டரை ஒட்டியது அவள் இல்லை. அச்சடித்ததும் அவள் இல்லை. செய்தது அவள்.

கண்டக்டர் கொடுத்த சீட்டை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். செத்தது கார்வேந்தன், ரோஹன் இல்லை. இதை யார் கேட்டாலும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ராத்திரி ஏழரைக்கு வருகிற 'முகில் நாட்டு ராணி' சீரியலில் ரோஹன் போடும் வேஷம் கார்வேந்தன், மேகங்களின் அரசன், பூமியிலிருந்து வழிதவறி மேலே வந்துவிட்ட பூந்தளிரை முதலில் கண்டவன், மூர்ச்சையாகிக் கிடந்தவளுக்குத் தன் பங்கு மழையைக் குடிக்கக் கொடுத்தவன். அவள் கண் திறந்தபோது எதிரே நின்றவனோ ஆதவன். அவ்வளவுதான், ஆதவன் கதாநாயகனாகிவிட்டான். கண் திறக்கும்போது எதிரே நிற்கத் தெரிந்தவனுக்குத்தான் உலகம். அதற்கப்புறம் நானூற்றுச் சொச்சம் நாள் கார்வேந்தன் கதவோரம் நின்றான், மாடத்தில் நின்றான், மழையில் நின்றான், எங்கே நிற்க வைத்தாலும் நின்றான். சீரியல்காரர்கள் அவனைக் கெட்டவனாக்கத்தான் பார்த்தார்கள், புருவத்தை நெரிக்கச் சொன்னார்கள், கறுப்பு உடுப்பும் முள் வைத்த கிரீடமும் மாட்டிவிட்டார்கள். ரோஹன் என்ன செய்வான், புருவத்தை நெரித்தாலும் கண் பரிதாபமாக இருந்தது. அந்தக் கண்ணுக்காகச் சேர்ந்த கூட்டம்தான் கார்வேந்தன் கூட்டம், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லாம் பெண்கள், அதில் வயதில் மூத்தவள் வசுமதி, இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆதவன் படை என்று எதிர்க்கூட்டம் ஒன்று உண்டு, அதில் பத்தாயிரம் பேர், ஜெயிக்கிற குதிரையில் ஏற ஆளுக்கா பஞ்சம். அதுகள் போன திங்கட்கிழமை போட்ட ஆட்டம் இருக்கிறதே. அன்றைக்குத்தான் கார்வேந்தன் தன் உயிர்விளக்கை ஆதவனுக்குக் கொடுத்துவிட்டுக் கரைந்து போனான். பூந்தளிர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆதவன் படை பூசணிக்காய் உடைக்கிற படமாகப் போட்டது, பீடை ஒழிந்தது என்று போட்டது. அப்போது வசுமதிக்கு வந்த கோபம் தனக்கே புதுசாக இருந்தது. தங்கை கல்யாணத்தன்றுகூட அவளுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

அது ஏன் இப்போது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. பதினொரு வருஷம் ஆகிவிட்டது. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், போய்விட்டு மறுநாள் ஆள் அனுப்பினார்கள், காபி கொண்டுவந்த பெண் வேண்டாம், தட்டை எடுக்க வந்த பெண்ணைக் கொடுப்பீர்களா என்று. தட்டை எடுத்தவள் தங்கை மஞ்சரி. அப்பா ராத்திரி பூராவும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். காலையில் வசுமதியே போய், "குடுங்கப்பா, நல்ல எடம்," என்றாள். எல்லோரும் அவளைத் தெய்வம் என்றார்கள். தெய்வத்துக்குத்தான் யாரும் மாப்பிள்ளை பார்ப்பதில்லையே. கல்யாண பிளக்ஸைக்கூட அவள்தான் செய்தாள், மாப்பிள்ளை முகத்திலிருந்த பரு மூன்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாள். மூன்றாவது பருவைத் துடைக்க மட்டும் வெகுநேரம் ஆனது, அதுவும் கம்ப்யூட்டர் கோளாறு என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் தோப்பு ஓடிக்கொண்டே இருந்தது, வெயில் மரத்துக்கு மரம் வெட்டி வெட்டி முகத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் அந்த அம்மாளுக்கு மூக்கில் குழாய் சொருகியிருப்பார்களோ. சர்க்கரை உண்டோ என்னவோ. இதயம் பலவீனமான அம்மாவாக இருந்தால். பெயர் பஞ்சவர்ணம் என்று ரோஹன் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறான், ரோஹன் என்பது டிவிக்கு வைத்த பெயர், வீட்டில் வெள்ளைச்சாமி. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா என் சீரியல்ல எங்க அழணும்னு கரெக்டாத் தெரியும் என்று சொல்லிச் சிரித்தான். அந்தப் பேட்டியை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள். எழுதப் படிக்கத் தெரியாது என்கிற அந்தச் சொல் காதில் ஏறித்தானே இருந்தது, போஸ்டர் செய்கிறபோது அது எங்கே போய் ஒளிந்துகொண்டது.

எழுத்தில் ஒரு பிசகும் இல்லை, அதைத்தான் காலையிலிருந்து திரும்பத் திரும்பத் தனக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறாள். கண்ணீர் அஞ்சலி, கீழே பெரிய எழுத்தில் மாமன்னர் கார்வேந்தன், மறைவு: திங்கட்கிழமை இரவு ஏழு ஐம்பத்தைந்து, கண்ணீருடன்: முகில் நாட்டு மக்கள். படிக்கிறவன் எவனும் சிரித்துவிட்டுப் போவான். பதிமூன்று வருஷமாக அஞ்சலி போஸ்டர் செய்கிற கை, ஊரில் பாதிப் பேர் கடைசியாகச் சுவரேறியது அவள் கையால்தான். அந்தக் கைக்கு விளையாட்டுக்குக்கூட அரைகுறையாகச் செய்ய வராது. பின்னால் நீல வானம் வைத்தது, தலையைச் சுற்றி வெளிச்சம் வைத்தது, ஓரத்தில் குத்துவிளக்கு வைத்தது, சந்தன மாலை போட்டது, அச்சுக்கு அப்படியே போகிற மாதிரி அளவெடுத்து வைத்தது, எல்லாம் கைப்பழக்கம். குழுவில் போட்டதும் பெண்கள் அழுது தீர்த்துவிட்டார்கள், அக்கா நீங்கதான் அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையச் செஞ்சீங்க என்றார்கள். பாராட்டு என்றால் யாருக்குத்தான் கசக்கும். திருப்பத்தூரில் ஒரு கல்லூரிப் பெண், குழுவில் மழைக்காரி என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவள், அவர் சொந்த ஊர்லயே ஒட்டுனா எப்படி இருக்கும் அக்கா என்று கேட்டாள். வசுமதி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள். அது சரி என்று அர்த்தமா. அந்தப் பெண் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள், பதினைந்து பிரதி அடித்துக் காய்கறிச் சந்தைச் சுவரிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டிவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டாயிற்று. ஆனால் விஷயம் அது இல்லை, வசுமதி, விஷயம் அது இல்லை. படம். கார்வேந்தன் படம் அவளிடம் ஆயிரம் இருந்தது, முள்கிரீடத்தோடு, மின்னல் வாளோடு, மேகச் சிம்மாசனத்தோடு. அதில் எதை வைத்திருந்தாலும் பெற்றவள் பார்த்த உடனே நாடகத்துத் துணிமணி என்று தெரிந்துகொண்டு காய் வாங்கப் போயிருப்பாள். இவள் வைத்தது கட்டம்போட்ட சட்டை. போன வருஷத் திருவிழாவில் அவன் சிநேகிதன் யாரோ எடுத்துப் போட்ட படம், நெற்றியில் திருநீறு, வேர்வை, யாரையோ பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறான். அஞ்சலிக்குச் சாதாரணப் படம்தான் எடுப்பாக இருக்கும், முகம் நேரே இருக்க வேண்டும், நெற்றி மறையக் கூடாது, இது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லிக்கொண்டாள். பொய். ஒரு வருஷமாக அந்தப் படம் அவள் போனில் இருந்தது. ராத்திரி அதைப் பார்க்காமல் அவள் படுத்ததில்லை. கார்வேந்தன் கரைந்து போனபோது அவள் அழுதது கார்வேந்தனுக்காக இல்லை. நாளையிலிருந்து ஏழரை மணிக்கு இந்த முகத்தைப் பார்க்க முடியாதே என்றுதான் அழுதாள். ஆசை என்றால் ஆசைதான், வேறு பெயர் எதற்கு. அந்த ஆசைதான் ஆயிரம் படத்தைத் தள்ளிவிட்டு இந்தப் படத்தை எடுத்தது, எடுத்து அதற்கு மாலையும் போட்டது. மற்றவர்களெல்லாம் கார்வேந்தனுக்குச் செய்தார்கள், இவள் ஒருத்தி வெள்ளைச்சாமிக்குச் செய்துவிட்டாள்.

திருமயத்தில் பஸ் நின்றது. எழுந்திருக்கலாம். கால் எழுந்திருக்கவில்லை. அதற்குள் பக்கத்து இடத்தில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்து, தூக்குச்சட்டியை இரண்டு பேர் காலுக்கும் நடுவில் இறக்கிவிட்டாள், மருமகளுக்குப் பிரசவமாகித் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம், பத்தியச் சோறாம், இதெல்லாம் வசுமதி கேட்காமலேயே வந்தது. ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கு வசுமதியின் கழுத்து தானாகத் திரும்பியது. "பெரியாஸ்பத்திரிங்களா?" என்றாள். "ஆமாத்தா. அங்கதான் நேத்து ஒரே கூட்டம். டிவியில கார்வேந்தன்னு ஒருத்தன் வருவான்ல, பாத்துருக்கியா? அந்தப் புள்ளையோட அம்மாவக் கொண்டாந்து போட்டுட்டாக." பார்த்திருக்கிறேன் என்று வசுமதி தலையாட்டினாள். "எனக்கு அந்தப் பயலத்தான் புடிக்கும். ஆதவனாம் ஆதவன், மூஞ்சியும் மொகரையும். குடுத்துட்டுப் போறவன யாரு மதிக்கிறா சொல்லு. எந்தக் கட்டையில போறவளோ அந்தப் புள்ள படத்துக்கு மாலையப் போட்டு ஊரெல்லாம் ஒட்டிவிட்டுருக்கா. சந்தையில கத்திரிக்காய அள்ளிக்கிட்டு இருந்த மனுசி, நிமுந்து பாத்தா எதுத்த செவுத்துல பெத்த புள்ள. அப்படியே சாஞ்சுட்டாளாம்." "இப்ப எப்படி இருக்காங்க?" கேட்டது தன் குரல்தானா என்று வசுமதிக்குச் சந்தேகமாக இருந்தது. "யாரு கண்டா. காலையில போன்ல கேட்டேன், எம் மகன் அந்தப் படுக்கை காலியா இருக்குங்கிறான். போயிருச்சுன்னும் சொல்றாகளாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாகன்னும் சொல்றாகளாம். ஊர் வாய மூட ஒலமூடி இருக்கா." படுக்கை காலி. அதற்கப்புறம் அந்தப் பெண்மணி பேத்தியின் நிறம், எடை, மூக்கு யார் வழி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வசுமதி உம் கொட்டிக்கொண்டே வந்தாள். உள்ளே ஒரு சொல் மட்டும் தேய்ந்துபோன ரிக்கார்டு மாதிரி ஓடியது, காலி, காலி. செத்திருந்தால் என்ன செய்வாள். அந்த அம்மாளுக்கும் போஸ்டர் அடிப்பார்கள், யாரோ ஒரு கடையில், யாரோ ஒருத்தி, வானம் வைத்து விளக்கு வைத்து. செத்திருந்தால் வாசலில் நின்று நான்தான் என்று சொல்லிவிட வேண்டும், அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். சொல்வாளா. இருபத்தாறு வயதில் நல்ல எடம் அப்பா என்று சொன்ன வாய், அதற்குப் பிறகு ஒரு நிஜத்தையும் சொன்னதில்லை. உயிரோடு இருந்தால் சொல்வது அதைவிடக் கஷ்டம், கேட்க ஒருத்தி இருப்பாளே. திரும்பிப் போய்விடலாம். திரும்பிப் போனால், இனி ஒவ்வொரு அஞ்சலிப் படத்துக்கும் மாலை போடுகிறபோது அந்தப் படுக்கை ஞாபகம் வரும், கடையில் ஒரு நாளைக்கு நாலு அஞ்சலியாவது வரும். அவள் திரும்பிப் போகவில்லை. இதைத் துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், எங்கே இருந்தாலும் தாங்காது என்று ஆகிவிட்டவளுக்கு எல்லா ஊரும் ஒன்றுதான்.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அவள் வேலை இருந்தது. பாதி கிழித்திருந்தார்கள். நெற்றியும் ஒரு கண்ணும் குத்துவிளக்கும் மிச்சம் இருந்தன, அச்சு நன்றாகத்தான் விழுந்திருக்கிறது என்று ஒரு நொடி மனசு தொழில் பார்த்தது, அந்த மனசைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. டீக்கடையில் வீடு கேட்டாள். "டிவி நடிகர் வீடா? ரைஸ்மில் தெரு, ஊதாக் கதவு," என்றார் டீ ஆற்றியவர், அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்க வாய் வரவில்லை. தெருமுனையில் நின்று பார்த்தாள். பந்தல் இல்லை. வாடகை நாற்காலி இல்லை. மேளம் இல்லை. ஆனால் வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. கல்லூரிப் பெண்கள் நாலு பேர் வெளியே வந்தார்கள், "தூங்குறாருடி, காலு மட்டும்தான் தெரிஞ்சுச்சு," என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கிறார்கள் என்றால் சாவு இல்லை. சாவு இல்லை. வசுமதி தன் செருப்பையும் அந்தக் குவியலில் விட்டு, ஊதாக் கதவைத் தாண்டி உள்ளே நுழைந்தாள். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள், கறுத்த, ஒடிசலான அம்மாள், புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. பின்னால் அறை வாசலில் பூப்போட்ட திரை, உள்ளே மின்விசிறிச் சத்தம், கொல்லைப் பக்கம் உறவுக்காரர்களின் பேச்சு. வசுமதி அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள், மூச்சு விடுகிறபோது முந்தானை ஏறி இறங்குவதைப் பார்த்தாள், வேறு எதையும் பார்க்கவில்லை. "ராத்திரி பூரா கார்ல வந்துருக்கான், தூங்குறான். போட்டோவெல்லாம் சாயந்தரம் வாங்க," என்றாள் பஞ்சவர்ணம். "நான் உங்களப் பாக்கத்தாம்மா வந்தேன்." "பாரு. இருக்கேன்ல." அப்புறம், யாரிடமாவது சொல்லித் தீர்த்தால் போதும் என்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்: "செத்துட்டான்னு பொய்யாச் சேதி வந்தா ஆயுசு கூடும்னு சொல்லிட்டுப் போறாக. கூடட்டும், நூறு வருசம் இருக்கட்டும். ஆனா போன்ல அவன் கொரலக் கேக்குற வரைக்கும் அரைமணி நேரம், நான் புள்ளையத் தூக்கிக் குடுத்தவளாத்தான் கெடந்தேன். அது எனக்கு நடந்து முடிஞ்சு போச்சு. அத யாரு எடுப்பா?" வசுமதி நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள். "அது நான் பண்ணதும்மா," என்றாள். "அந்தப் போஸ்டர். நான்தான்." கை ஓங்குவாள், கத்துவாள், தெருவைக் கூட்டுவாள் என்று உடம்பு முழுக்கக் காத்திருந்தது. "தெரியும்," என்றாள் பஞ்சவர்ணம். "காலையிலேருந்து முப்பது பேரு வந்துட்டாக. உள்ள நொழஞ்ச எல்லாரும் அந்தத் திரையத்தான் எட்டிப் பாத்தாக. நீ ஒருத்திதான் என்னையப் பாத்த. உசுரோட இருக்கேனான்னு பாத்த." வசுமதி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள், பதினொரு வருஷத்தில் ஒருவர் எதிரில் அழுவது இதுதான் முதல் தடவை. "மன்னிச்சுருங்கம்மா," என்றாள். "அதெல்லாம் இப்ப வராது தாயி. வந்தா பாப்போம். மூஞ்சியத் தொடச்சுக்க." அப்போது திரைக்குப் பின்னால் கட்டில் முனகியது. ஒரு இருமல். பிறகு ஒரு குரல், சீரியலில் கேட்ட குரல் இல்லை, அதற்கு வேறு யாரோ பேசுகிறார்கள், இது பேட்டியில் கேட்டதைவிடவும் கொஞ்சம் மெலிந்த, தூக்கம் அப்பிய, சாதாரணக் குரல்: "யாரும்மா அழுறது? யாரு வந்துருக்கா?" திரை விளிம்பு காற்றில் ஆடியது. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் போதும், அந்த முகத்தைப் பார்த்துவிடலாம். பஞ்சவர்ணம் வசுமதியை ஏற இறங்கப் பார்த்தாள், ஈரம் காயாத கண், கசங்கிய புடவை, முப்பத்தேழு வயது, எல்லாவற்றையும். பார்த்துவிட்டு முகத்தைத் திரைப் பக்கம் திருப்பினாள். "யாருமில்லப்பா," என்றாள், "நீ தூங்கு." வசுமதி எழுந்தாள். அந்தக் குவியலில் தன் செருப்பைத் தேடி எடுத்து, சத்தம் வராமல் கையில் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.